ஃபிளைட் டயரு: தேயுறது இறங்குறப்ப, வேகுறது ஏறுறப்ப

ஃபிளைட் இறங்குற வீடியோ எதப் பாத்தாலும் சக்கரம் தரையத் தொட்ட உடனே குப்புன்னு ஒரு புகை வரும்ல, அதப் பாத்துட்டு எங்க அக்கா மகன் கேட்டான், "மாமா, ஒவ்வொரு தடவையும் இம்புட்டு ரப்பர் எரிஞ்சா டயரு எத்தன நாளைக்குத் தாங்கும்?"னு. நல்ல கேள்வி, பெரியவங்களும் இதத்தான் கேக்குறாங்க. நம்ம ராமநாதபுரம் பக்கம் பிளேன் ஒண்ணும் புதுசு இல்ல, உச்சிப்புளியில ஐ.என்.எஸ். பருந்து நேவி தளத்துலேருந்து டோர்னியர் ஏறுறதும் இறங்குறதும் மண்டபம் போற ரோட்டுல போறவங்க எல்லாரும் பாக்குறதுதான், கீழக்கரை, பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டின்னு எந்த ஊருக்குப் போனாலும் மதுரையிலயோ திருச்சியிலயோ சென்னையிலயோ ஃபிளைட் ஏறி வளைகுடாவுக்குப் போயி வர்ற ஆளுங்க இருப்பாங்க. ஆனா நம்ம எல்லாரையும் சுமக்குற அந்த டயரப் பத்தி யாரும் பேசுறதில்ல. நான் வளைகுடாவுல ஒரு ஏர்போர்ட் வீல் ஷாப்புல, அதாவது கழட்டிட்டு வந்த சக்கரத்தப் பிரிச்சு, டயர மாத்தி, திரும்பக் கோத்து அனுப்புற எடத்துல வேலை பாத்தவன், அதனால தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல அந்தப் புகை. பிளேன் சக்கரத்துக்கு எஞ்சின்லேருந்து எந்தத் தொடர்பும் கிடையாது, கார் மாதிரி சக்கரத்தச் சுத்தி வண்டி ஓடுறதில்ல, மேல இருக்குற எஞ்சின் தள்ளுது, சக்கரம் சும்மா உருளுது, அம்புட்டுதான். அதனால வானத்துலேருந்து இறங்கி வர்றப்ப சக்கரம் சுத்தாம நிக்கும். ஏர்பஸ் ஏ320 மாதிரி ஒரு பிளேன் தரையத் தொடுறப்ப ஏறக்கொறைய மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும். அதோட பின் டயரு 46 இஞ்ச் விட்டம், கணக்குப் போட்டுப் பாத்தா அந்த வேகத்துல உருளணும்னா வினாடிக்கு 19 சுத்து கிட்ட சுத்தணும். சும்மா நிக்குற சக்கரம் பூஜ்யத்துலேருந்து 19 சுத்துக்கு வர்ற வரைக்கும் என்ன பண்ணும்? உருளாது, தேச்சுக்கிட்டே போகும். முழுசா ஒரு செகண்டு கூட ஆகாது, அதுக்குள்ள டயரோட மேல்தோலு உரசுன சூட்டுலயே கருகி ஆவியாகி வெளிய வருது, அதுதான் நாம பாக்குற புகை. சக்கரம் வேகத்தப் புடிச்ச உடனே புகை நின்னுரும், கவனிச்சுப் பாருங்க, ரன்வே முழுக்கப் புகை விட்டுக்கிட்டு எந்த பிளேனும் ஓடாது.

உரிஞ்ச ரப்பர்ல ஒரு பங்கு புகையாப் போகும், மிச்சம் ரன்வேலயே அப்பிக்கும். அடுத்த தடவ ஜன்னல் சீட்டு கெடச்சா பாருங்க, ரன்வேயோட ரெண்டு நுனியிலயும் இறங்குற எடம் மட்டும் கன்னங்கரேல்னு கோடு கோடா இருக்கும். அது வெறும் அழுக்கு இல்ல, மழை பெஞ்சா அந்த ரப்பர் படலம் வழுக்கும், பிரேக் புடிக்காது, அதனால அப்பப்ப ரன்வேய மூடி வச்சு பயங்கரமான பிரஷர்ல தண்ணிய அடிச்சோ, ரசாயனம் ஊத்தியோ அதச் சொரண்டி எடுப்பாங்க.

தொட்டதுக்கு அப்புறமும் தேய்மானம் நிக்கல. தொடுற நேரத்துல பிளேனோட எடையில பெரும்பங்க இன்னும் றெக்கைதான் தாங்கிக்கிட்டு இருக்கும். அதனாலதான் இறங்குன உடனே றெக்கை மேல பலகை பலகையா சடார்னு எந்திரிக்குது, ஸ்பாய்லர்னு பேரு, தூக்குற சக்திய அடிச்சுப்போட்டு முழு எடையையும் சக்கரத்து மேல உக்கார வைக்குறதுக்குத்தான் அது. எடை உக்காந்தாத்தான் பிரேக் புடிக்கும். பிரேக்கு புடிக்கப் புடிக்க பட்டன், அதாவது தரையத் தொடுற அந்த மேல்தோலு, தேயும், அப்புறம் ரன்வேய விட்டு வெளிய வந்து ஒடிச்சுத் திருப்புறப்ப ரெட்ட டயர்ல உள் பக்கம் இருக்குறது தரையில அரைபடும், அதுலயும் தேயும். பாக்குறவங்க கண்ணுக்கு அந்தப் புகை மட்டும்தான் படுது, ஆனா ஷாப்புக்கு வர்ற டயரப் பாத்தா பிரேக்கும் திருப்பமும் பண்ணுன வேலையும் அதுல நல்லாத் தெரியும்.

சரி, இப்ப ஏறுற கதைக்கு வருவோம், நான் இந்தக் கட்டுரைய எழுதுறதே இதச் சொல்லத்தான்.

டேக்-ஆஃப்ல புகையும் இல்ல, கீச்சுனு சத்தமும் இல்ல, அதனால டயருக்கு அது லேசான வேலைன்னு நெனைக்கிறோம். அப்படி இல்ல. ஏறுறப்பதான் பிளேன் இருக்குறதுலயே கனமா இருக்கும், எண்ணெய் முழுசா ரொப்பி, ஆளு, லக்கேஜு எல்லாம் ஏத்தி. ஏ320 ஏறுறப்ப அதிகபட்சம் 78 டன், இறங்குறப்ப 66 டன் வரைக்கும்தான் அனுமதி. போயிங் 777 பெருசுல 351 டன்னோட ஏறி 251 டன்னோட இறங்கணும், நடுவுல 100 டன் வித்தியாசம். ஏ320க்கு பின்னால நாலே நாலு டயரு, முன்னால ரெண்டு சின்னது. எடையில 95 சதவீதம் பின்னாடிதான், நாலால வகுத்தா ஒரு டயரு மேல 18 டன்னுக்கு மேல வருது. நம்ம ரோட்டுல ஆறு டயரு லாரி முழு லோடோட 18.5 டன்தான் போகலாம், அந்த மொத்த லாரியும் லோடோட ஒத்த டயரு மேல ஏறி உக்காந்து மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்கங்க.

இவ்வளவு எடையில டயரு அடிப்பக்கம் அமுங்கித்தான் இருக்கும், ஒவ்வொரு சுத்துலயும் டயரோட ஒவ்வொரு பகுதியும் அமுங்கி, பக்கவாட்டுல பிதுங்கி, திரும்ப நிமிந்து, மறுபடி அமுங்கி. ரப்பர் அமுங்குறப்ப வாங்குன சக்திய நிமிர்றப்ப முழுசாத் திருப்பிக் குடுக்காது, கொஞ்சத்த உள்ளேயே வச்சுக்கும், அது சூடா மாறும். ரப்பர் சூட்ட வேகமா வெளிய விடுற சாமான் கிடையாது, உள்ள மாட்டுன சூடு உள்ளயே நிக்கும். கேட்டுலேருந்து கெளம்பி ரன்வே நுனி வரைக்கும் பெரிய ஏர்போர்ட்டுகள்ல பல கிலோமீட்டர் ஊர்ந்து போகணும், அந்த தூரம் பூராவும் முழு லோடோட அமுங்கி நிமிந்து அமுங்கி நிமிந்து டயரு ஏற்கனவே சூடாயிருக்கும், அதுக்கு மேல டேக்-ஆஃப் ஓட்டம், வேகம் ஏற ஏற ஒரு நொடியில அமுங்குற தடவ கூடுது, சுழற்சி வேறு பட்டன வெளிப்பக்கமாப் பிச்சு இழுக்குது. சூடும் வேகமும் எடையும் மூணும் உச்சத்துல சேர்ற எடம் தரைய விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்குற அந்தக் கடைசி நொடிகள். இறங்குறப்ப பாத்தா நேர் எதிரு, உயரத்துல குளுந்து வந்த டயரு, எண்ணெய் தீந்து எடை கொறஞ்ச பிளேனு, நொடிக்கு நொடி வேகம் கொறையுது. மேல்தோலு போகும், உள்ள இருக்குற உடம்பு தப்பிச்சுக்கும்.

இதுல டயர உண்மையிலயே கொல்லுறது காத்து கம்மியா இருக்குறதுதான். காத்து கம்மியா இருந்தா கூட அமுங்கும், கூட அமுங்குனா கூட சூடு, சூட்டுல உள்ள இருக்குற நைலான் அடுக்கும் ரப்பரும் ஒண்ண விட்டு ஒண்ணு பிரியும், பிரிஞ்சா வெடிக்கும். இன்னொண்ணும் இருக்கு, ஒரே அச்சுல ரெண்டு டயரு, அதுல ஒண்ணு காத்து கம்மின்னா அதோட பாரத்தையும் பக்கத்து டயரு சுமக்கணும், அதனால நல்லா இருக்குற டயருதான் முதல்ல போகும்.

இத நான் லேசாச் சொல்லிட்டுப் போக முடியாது. 1991 ஜூலை 11ஆம் தேதி ஜித்தாவுல ஹஜ் முடிச்சுட்டு ஊர் திரும்புன நைஜீரியா ஹாஜிமாருங்கள ஏத்திக்கிட்டு ஒரு டிசி-8 பிளேன் கெளம்புச்சு. டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, டயர்ல அடிக்கிற நைட்ரஜன் உடனே கெடைக்கல, தாமதமாகுதுன்னு அப்படியே விட்டுட்டாங்க. டாக்ஸிவேல நீளமா ஊர்ந்து போனதுல சூடேறி, டேக்-ஆஃப் ஓட்டத்துல பாரம் மாறுன பக்கத்து டயரு முதல்ல போச்சு, உடனேயே அடுத்ததும் போச்சு, சக்கரம் சுத்தாம நின்னு ரன்வேல உரசி தீப்புடிச்சிருச்சு. அது தெரியாம பிளேன் மேல ஏறி சக்கரத்த உள்ள மடக்கிட்டாங்க, எரியுற சக்கரம் வயித்துக்குள்ள போயிருச்சு. அதுல இருந்த 261 பேர்ல ஒருத்தர் கூடப் பிழைக்கல. நம்ம ஊர்கள்லேருந்தும் வருஷா வருஷம் அதே ஜித்தா வழியாத்தான ஹஜ்ஜுக்குப் போயி வர்றாங்க, அதனால வீல் ஷாப்புல புதுசாச் சேர்ற பயலுகளுக்கு நான் முதல்ல சொல்லுறது இந்தக் கதையத்தான்.

நைட்ரஜன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஏ320, போயிங் 737 மாதிரி பிளேனுக்கு டயர்ல 200 பி.எஸ்.ஐ. கிட்ட பிரஷர், நம்ம காருக்கு 32, 33 வைக்கிறோம். இவ்வளவு பிரஷர்ல சாதா காத்த அடைச்சா அதுல ஆக்சிஜன் இருக்கு, பிரேக் சூடு ஏறி டயரோட உள்பக்கம் வெந்து வாயு கெளம்புச்சுன்னா அந்த ஆக்சிஜனோட சேந்து உள்ளயே பத்திக்கும். 1986 மார்ச் 31ல மெக்சிகோவுல ஒரு போயிங் 727 பறந்துக்கிட்டு இருக்குறப்ப இதுதான் நடந்துச்சு, பிரேக் ஒட்டிக்கிட்டு சூடேறி, சாதா காத்து அடிச்ச டயரு சக்கரக் கூட்டுக்குள்ள வெடிச்சு 167 பேரும் போயிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் பயணிகள் பிளேன் டயருக்குள்ள ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல சட்டமாச்சு. நைட்ரஜன்ல ஈரமும் கெடையாது, மேல மைனஸ் 50 டிகிரி குளுர்ல உள்ள ஐஸு கட்டுற பிரச்சினையும் இல்ல.

அதனால டயர் பராமரிப்புல முக்கியமான வேலை பிரஷர் பாக்குறது, தெனமும். பாக்குறதுக்கும் நேரம் இருக்கு, இறங்குன உடனே கேஜ வச்சா சூட்டுல கூடத்தான் காட்டும், ரெண்டு மூணு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் பாக்கணும். வெப்பம் 3 டிகிரி மாறுனா பிரஷர் 1 சதவீதம் மாறும், விடிகாலையில 26 டிகிரியில பாத்த அதே டயரு சித்திரை வெயில்ல 38 டிகிரிக்குப் போனா 200க்கு 208 காட்டும். ஏறிருச்சேன்னு சூட்டுல காத்த எறக்கி விடவே கூடாது, ஆறுனதும் கம்மியாப் போயிரும். இருக்க வேண்டியதுல 95 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா ரொப்பிட்டு எழுதி வைக்கணும், 90க்குக் கீழன்னா டயரக் கழட்டணும், 80க்குக் கீழன்னா அந்த டயரோட அதே அச்சுல இருக்குற பக்கத்து டயரையும் சேத்துக் கழட்டணும். பக்கத்து டயரு பாக்க அம்சமா இருக்கும், பட்டன் புதுசா இருக்கும், அதுல ஒரு கீறல் கூட இருக்காது, இருந்தாலும் அது ரெட்டப் பாரம் சுமந்த டயரு, உள்ள என்ன பிரிஞ்சிருக்குன்னு வெளியிலேருந்து யாராலயும் சொல்ல முடியாது.

சக்கரத்துல சின்னதா சில அடைப்பான்கள் இருக்கும், ஃபியூஸ் பிளக்னு பேரு. டேக்-ஆஃப பாதியில நிறுத்தி முழு பிரேக் அடிச்சா சூடு தறிகெட்டு ஏறும், அப்ப அந்த பிளக்கு உள்ள இருக்குற உலோகம் உருகி நைட்ரஜன மெதுவா வெளிய விட்டுரும், டயரு வெடிக்காம சப்பையா உக்காந்துரும்.

பிளேன் டயரப் பக்கத்துல பாத்தவங்களுக்கு ஒரு ஆச்சரியம் வரும், பட்டன் டிசைனே இருக்காது, சுத்தி வர நாலஞ்சு நேர் கோடு மட்டும் ஓடும். பைக்கு டயரு மாதிரி குறுக்கு வெட்டு தேவையில்ல, ஏன்னா சக்கரம் வண்டிய இழுக்குறதில்ல. அந்தக் கோடெல்லாம் தண்ணிய வெளியேத்தத்தான். ஐப்பசி கார்த்திகையில அடைமழை புடிக்கிறப்ப ரன்வேல தண்ணி நின்னா டயரு தண்ணி மேலயே மெதக்க ஆரம்பிக்கும், பிரேக்கு அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. எந்த வேகத்துக்கு மேல மெதக்கும்னு நாசா ஆராய்ச்சியில ஒரு சின்னக் கணக்கு சொன்னாங்க, பிரஷரோட வர்க்கமூலத்த ஒம்பதால பெருக்குனா நாட் கணக்குல வேகம் வரும். 200க்கு வர்க்கமூலம் 14, ஒம்பதால பெருக்குனா 126, அதாவது மணிக்கு 235 கிலோமீட்டர் கிட்ட. இறங்குற வேகமே 250ன்னு பாத்தோம், அப்ப மழையில தொடுற நேரம் மெதக்குற எல்லைக்குள்ளதான் இருக்கு. கோடு தேஞ்சு போன டயரு மழையில ஏன் ஆபத்துன்னு இதுல புரிஞ்சிரும், பிரஷர் கம்மியானா மெதக்குற வேகமும் கம்மியாகும்ங்குறதும் புரியும்.

கடல் பக்கத்து ஊருக்கு ரெண்டு தொந்தரவு கூடுதல். ஒண்ணு காத்து. பாம்பன்ல பழைய பாலத்துல ரயில் ஓடுன காலத்துல மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல காத்து அடிச்சா ரயில நிறுத்திருவாங்க, ஆடி மாசத்துக் காத்து எப்படின்னு நமக்குச் சொல்லணுமா. ரன்வேக்குக் குறுக்கால காத்து அடிச்சா பிளேன் மூக்கக் காத்துப் பக்கமாக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிட்டு நண்டு மாதிரி சாஞ்சு வரும், தொடுறதுக்கு முன்னாடி பைலட் நேராக்குவாரு, முழுசா நேராகாம தொட்டா டயரு உருளுறதோட சேந்து பக்கவாட்டுலயும் இழுபடும், ஒரு பக்கம் மட்டும் அதிகமாத் தேயும். ரெண்டாவது உப்பு. ரிம்மு அலுமினியக் கலவை, ரெண்டு பாதியா செஞ்சு போல்ட்டு போட்டு இறுக்குனது, டியூபு கெடையாது, டயரோட ஓரம் ரிம்முல அழுந்தி உக்காந்துதான் காத்தப் புடிச்சு வைக்குது. அந்த எடத்துல உப்புக்காத்து பட்டு அரிப்பு விழுந்தா கண்ணுக்குத் தெரியாம கசியும். புது டயரே 24 மணி நேரத்துல 5 சதவீதம் வரைக்கும் எறங்கலாம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதுக்கு மேல எறங்குனா காரணத்தத் தேடியே ஆகணும். அப்புறம் ரன்வேல கெடக்குற சாமானுங்க. நம்மூர்ல பைக்குக்கு எமன் கருவேல முள்ளு, பிளேனுக்கு எமன் உலோகத் துண்டு. 2000 ஜூலை 25ல பாரீஸ்ல கான்கார்டு டேக்-ஆஃப் ஓடுறப்ப, முன்னாடி போன வேற பிளேன்லேருந்து விழுந்து கெடந்த ஒரு டைட்டானியப் பட்டை டயரக் கிழிச்சு, தெறிச்ச ரப்பர் துண்டு அடிச்சு எண்ணெய் டேங்க் ஒடைஞ்சு 113 பேரு செத்தாங்க. அதுவும் ஏறுறப்பதான் நடந்துச்சு, கவனிங்க.

சக்கரத்த முன்கூட்டியே மோட்டார் வச்சு சுத்த விட்டா புகையே வராதேன்னு அக்கா மகன் அடுத்த கேள்வியப் போட்டான். இந்த யோசனை ரொம்பப் பழசு, பத்துக்கணக்கான வருஷமா பல பேரு வடிவமைச்சுக் காப்புரிமை வாங்கியிருக்காங்க. ஆனா ஒவ்வொரு சக்கரத்துலயும் மோட்டாரையும் ஒயரையும் வச்சா அந்த எடைய ஒவ்வொரு பயணத்துலயும் எண்ணெய் செலவழிச்சு சுமக்கணும், பழுதாகுறதுக்கு இன்னொரு சாமான் கூடுது, மிச்சமாகுறது மேல்தோல்ல கொஞ்சூண்டு ரப்பர் மட்டும்தான். பிரேக்கு தேய்மானமும் திருப்பத் தேய்மானமும் டேக்-ஆஃப் சூடும் அப்படியே இருக்கும், கணக்கு கட்டுபடியாகல.

மேல்தோலு மலிவுன்னு சொல்லுறதுக்கு ரீட்ரேடிங்தான் காரணம், நம்ம லாரி டயருக்கு ரீபட்டன் அடிக்கிற அதே தொழில்தான், ஆனா சோதனை பல மடங்கு. ஒரு பட்டன் சுமாரா 200லேருந்து 300 லேண்டிங் ஓடும், அது பிளேனையும் ஓட்டுறவரையும் ரன்வேயையும் பொறுத்துக் கூடும் குறையும். தேஞ்சதச் சீவி எடுத்துட்டு, டயரோட உடம்புல அடுக்கு எங்கயாவது பிரிஞ்சிருக்கான்னு லேசர் வச்சுப் பாத்து, நல்லா இருந்தா புது ரப்பர் போட்டு வேக வைப்பாங்க. ஒரே உடம்புக்குப் பல தடவ இப்படிப் புதுப் பட்டன் ஏறும். ரப்பர்ல பெரும்பகுதி மரத்துலேருந்து எடுக்குற இயற்கை ரப்பரு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயும் கேரளாவுலயும் பால் எடுக்குற அதே மரம்தான், அமுங்கி நிமிர்றப்ப செயற்கை ரப்பர விட இதுல சூடு கம்மியா எழும்புது, அதனாலதான் பிளேனுக்கு இத விட முடியல.

மதுரையில படிக்கட்டு வழியா ஏறுற வாய்ப்பு கெடச்சா பின் டயர ஒரு பார்வை பாருங்க. பட்டன் மேல வி வடிவத்துல சின்னச் சின்ன வெட்டா வரிசையா இருந்தா பயப்படாதீங்க, தண்ணி வடியுறதுக்காகக் குறுக்குக் கோடு வெட்டுன ரன்வேல வேகமாத் தொட்டா அப்படித்தான் விழும், ஆழம் எல்லைக்குள்ள இருந்தா ஓட்டலாம். கோட்டோட ஆழம் எங்கயாவது அடிமட்டத்தத் தொட்டிருந்தாலோ, உள்ள இருக்குற நூலு தெரிஞ்சாலோ, பக்கவாட்டுல உப்பல் இருந்தாலோ டயரு மாறியாகணும், அதுக்கு இஞ்சினியரு ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாடியும் டார்ச்ச வச்சுக்கிட்டு சுத்தி வந்து பாக்குறாரு. ஃபிளைட்டு கெளம்ப லேட்டாகுது, டயரு மாத்துறாங்கன்னு அறிவிப்பு வந்தா எரிச்சல் படாம உக்காந்திருங்க, கீழ ஒருத்தர் தன் வேலையச் சரியாச் செய்யுறாரு.